மதுக்கரை கேமரா யானையைப் பார்க்கிறது, சரி. அப்புறம் யாரிடம் சொல்கிறது?

நவக்கரைக்காரன் · சனி, இரவு 9.40

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. 'காட்டைக் காக்க ஏஐ வந்தாச்சு' என்று பக்கத்து இழையில் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு ஒரு சந்தேகம், அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை ராத்திரி, கோவையை அடுத்த எங்கள் நவக்கரைப் பக்கம் மங்களூரிலிருந்து சென்னை போகிற ரயிலில் அடிபட்டு மூன்று யானைகள் செத்தன. விடிந்ததும் நானும் போனேன். பார்த்ததையெல்லாம் எழுத மனசு வரவில்லை. ஒரு பாட்டி சூடம் ஏற்றிவிட்டு, காற்றில் அணையாமல் இருக்க முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு கடைசி வரை குந்தியிருந்தார். அது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. 2008-லிருந்து கணக்குப் பார்த்தால் மதுக்கரை வனச் சரகத்தில் தண்டவாளத்தில் அடிபட்டுச் செத்த யானைகள் 11.

2024 பிப்ரவரியில் அதே பாதையில் ஏஐ எச்சரிக்கை அமைப்பைத் திறந்தார்கள். 7 கிலோமீட்டருக்கு 12 கோபுரம், 24 கேமரா, செலவு 7.24 கோடி. யானை தண்டவாளத்தை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதை வைத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலையில் தகவல் போகிறதாம். நல்லது, வரவேற்கிறேன்.

இப்போது என் சொந்தக் கதை. ஒன்றரை ஏக்கரில் நேந்திரன் வாழை போட்டிருக்கிறேன். போன வருடம் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து, சோலார் கம்பம் நட்டு, அதில் ஒரு கேமரா மாட்டித் தந்தார்கள். யானை வந்தால் அதுவே நம் போனுக்குக் கூப்பிடும். முதல் வாரம் பெருமையாக இருந்தது, சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டினேன். அப்புறம் ஒரு ராத்திரி ஒன்பது தடவை கூப்பிட்டது. ஒன்பதும் பக்கத்துத் தோட்டத்து எருமை. அடுத்த ராத்திரி ஆறு தடவை, அதே எருமை. 'புலி வருது' கதை மாதிரி எங்களுக்கு 'எருமை வருது'. வீட்டுக்காரம்மா போனைப் பிடுங்கி சைலன்ட்டில் போட்டு அரிசி டப்பா மேல் வைத்துவிட்டாள். அன்றைக்குத்தான் நிஜமாகவே வந்தன. காலையில் எண்ணினால் 73 மரம் போயிருந்தது. போனை எடுத்துப் பார்த்தால் நான்கு மிஸ்டு கால்.

கேமரா அன்றைக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

அந்த 24 கேமராவும் எருமையைப் பார்த்துக் கூவாதா? கூவினால் ரயில் ஓட்டுகிறவர் என்ன செய்வார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடுக்குநரம்பு · சனி, இரவு 10.15

அண்ணா, உங்களுடையது உடல் சூட்டைப் பார்க்கிற வெப்பக் கேமராவா, இல்லை இருட்டில் அகச்சிவப்பு விளக்குப் போட்டுப் படம் எடுக்கிற சாதாரணக் கேமராவா? இரண்டும் வேறு. மதுக்கரையில் இரண்டு வகையும் இருக்கின்றன.

நான் செய்கிற வேலையே இதுதான். யானைக்கு இல்லை, சரக்குக் கிடங்கில் பெட்டி எண்ணுவதற்கு. ஆனால் உள்ளே ஓடுகிற சங்கதி ஒன்றே. இந்த மென்பொருளுக்கு யானை என்றால் என்ன என்று தெரியாது. பல்லாயிரம் படங்களைக் காட்டி, 'இதில் யானை இருக்கிறது, இதில் இல்லை' என்று பழக்குகிறோம். பகல் வெளிச்சத்தில் எடுத்த அழகான படங்களாகப் பார்த்துப் பழக்கியிருந்தால், ராத்திரி ஈரமாக, பாதி வாழை இலை மறைத்துக்கொண்டு, கறுப்பாக, அகலமாக ஒன்று நின்றால் அதற்கு எருமையும் யானைதான்.

அடுத்து வரம்பு. 'இது யானை' என்று 60 சதவீதம் தோன்றினாலே கூப்பிடச் சொல்லலாம், 90 தாண்டினால்தான் கூப்பிடு என்றும் சொல்லலாம். வரம்பைக் கீழே வைத்தால் எருமைக்கும் கூவும். மேலே வைத்தால் சில நாள் யானைக்கே கூவாது. இரண்டு தவறையும் ஒரே சமயத்தில் பூஜ்யமாக்க முடியாது. உங்களுக்கு மாட்டியவர்கள் அதை எங்கே வைத்தார்கள் என்று உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மற்றபடி இது தீர்ந்துபோன பிரச்சினைதான். 2018 புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமரா வைத்தார்கள். வந்த படங்கள் கிட்டத்தட்ட 3 கோடியே 48 லட்சம். அதில் புலி இருந்தவை 76,651. எந்தப் படத்தில் எந்த விலங்கு என்று மென்பொருள் பிரித்துக் கொடுத்தது, வரி வரியாக ஒப்பிட்டு எந்தப் புலி என்பதை இன்னொரு மென்பொருள் சொன்னது. ஆள் உட்கார்ந்து பார்த்திருந்தால் அடுத்த கணக்கெடுப்பே வந்திருக்கும்.

பழைய லோகோ · சனி, இரவு 11.05

தம்பி, புலியை எண்ணுவதில் தப்பு நடந்தால் மறுநாள் இன்னொருவர் பார்த்துத் திருத்தலாம். அந்தப் படத்தை நோக்கி யாரும் ரயிலில் வரவில்லை.

நான் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவன். நவக்கரைக்காரர் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ராத்திரி நேர்ப்பாதையில் முகப்பு விளக்கில் இரண்டு, மூன்று நூறு மீட்டர் தெளிவாகத் தெரியும். வளைவில் அதுவும் கிடையாது, வெளிச்சம் நேராகக் காட்டுக்குள் போகும், வண்டி வளைந்து போகும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டிக்கு எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டர் வாக்கில் வேண்டும். அதாவது யானையை நான் கண்ணால் பார்த்துவிட்டேன் என்றாலே காரியம் கை மீறிவிட்டது. பிரேக் போட்டு, ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது திரும்பிப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். ஒரு தடவை அப்படிப் போயிருக்கிறேன். ஒதுங்கிக்கொண்டது. அன்றைக்கு உதவியாளர் பையன் வீடு போகும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே பார்க்கிற வேலையை வேறு யாராவது செய்து, ஐந்து நிமிடம் முன்னால் என் காதில் போட்டால் அதைவிடப் பெரிய உதவி கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 கிலோமீட்டரை நூறில் கடந்தால் நாலு நிமிடம் சொச்சம். 45-இல் கடந்தால் ஒன்பது நிமிடம் சொச்சம். வித்தியாசம் ஐந்து நிமிடம்தான். ஆனால் என் காலத்தில் அந்த ஐந்து நிமிடத்துக்கும் 'ஏன் தாமதம்' என்று கேட்டுத் தாள் வரும். மோதிவிட்டால் வழக்கும் என் மேல்தான் வரும். எச்சரிக்கை கொடுப்பவர், வேகத்தைக் குறைத்தவனிடம் விளக்கம் கேட்க மாட்டோம் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது முழு எச்சரிக்கை.

எருமை விஷயம்: உங்களுக்கு அது பொய்ச் சங்கு. எனக்கு இல்லை. எருமை அடிபட்டால் பிரேக் குழாய் பிய்ந்து வண்டி நடுக்காட்டில் நின்றுவிடும். எருமை என்று சொன்னாலும் வேகத்தைக் குறைப்பேன். அதே கேமரா, அதே தப்பு, வாங்குகிற ஆளைப் பொறுத்து அது தப்பாகவும் ஆகிறது, சரியாகவும் ஆகிறது.

அடுக்குநரம்பு · சனி, இரவு 11.20

ஐயா, அந்தக் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். நாங்கள் வரம்பை வைக்கும்போது படத்தை மட்டும்தான் பார்க்கிறோம், வாங்குகிற ஆளை யோசிப்பதில்லை. 'தீர்ந்துபோன பிரச்சினை' என்றதைத் திரும்பப் பெறுகிறேன்.

ரோட்டோரம் · ஞாயிறு, காலை 7.02

7.24 கோடிக்கு எத்தனை லட்சம் மரம் நட்டிருக்கலாம்? எல்லாம் காந்திக் கணக்கு.

களக்குறிப்பு · ஞாயிறு, காலை 8.30

ரோட்டோரம், மரம் நட்டால் யானை தண்டவாளத்தைக் கடக்காமல் இருந்துவிடுமா? இந்தப் பக்கமும் காடு, அந்தப் பக்கமும் காடு, நடுவில் ரயில். பணம் பற்றிப் பேசுவதென்றால் சுரங்கப்பாதை பற்றிப் பேசுங்கள். மதுக்கரையிலிருந்து வாளையார் போகிற அதே ரயில் பாதையில் யானைகள் அடியில் புகுந்து போக வழி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அடியில் போகிற யானைக்குக் கேமராவும் வேண்டாம், ஏஐயும் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை லென்ஸில் கட்டிய சிலந்தி வலையைத் துடைக்க ஆளும் வேண்டாம். (சிரிக்காதீர்கள். காட்டில் கேமராவின் முதல் எதிரி சிலந்தி. ராத்திரி விளக்கொளியில் அதன் ஒரு நூல் யானைத் தும்பிக்கை அகலத்துக்குத் தெரியும்.)

வடகிழக்கில் வேறு ஒரு வழியில் முயல்கிறார்கள். 'கஜராஜ்' என்று பெயர். தண்டவாளத்தை ஒட்டிப் புதைத்த ஒளியிழைக் கம்பிதான் அங்கே காது. யானை நடந்தால் மண் அதிரும், அதிர்ந்தால் கம்பிக்குள் போகிற ஒளி துளி மாறும், அந்த மாற்றத்தை வைத்து எந்த இடத்தில் எது நடக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. பனி, மழை, இருட்டு எதுவும் அதற்குத் தடையில்லை. 700 கிலோமீட்டருக்கு 181 கோடியில் போடப்போவதாக 2023 நவம்பரில் அறிவித்தார்கள்.

டிரோன் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பீர்கள். யானைக்கு டிரோன் சத்தம் என்றால் ஆகாது. தேனீக் கூட்டம் மாதிரி கேட்கிறது என்பதுதான் பலருடைய ஊகம். தான்சானியாவில் வயலுக்கு வந்த யானைகளைச் சின்ன டிரோன் வைத்து விரட்டிப் பார்த்தார்கள், நன்றாகவே ஓடின. ஓட்டுவதற்கு நல்லது என்றால் என்ன பொருள்? கவனிப்பதற்கு அது கெட்டது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை தேனிப் பக்கம் கம்பம் ஊருக்குள் வந்தபோது ஞாபகம் இருக்கிறதா? கழுத்தில் ரேடியோ காலர் இருந்தது, அது எங்கே நிற்கிறது என்று இரண்டு மாநிலத்துக்கும் தெரியும். தோப்பில் சும்மா நின்றிருந்ததை யாரோ வீடியோ ஆசையில் டிரோன் விட்டு மிரள வைத்தார்கள். வனத்துறை டிரோன் விடுவதும் ஊரான் விடுவதும் யானைக்கு ஒன்றுதான், அது அடையாள அட்டை கேட்காது.

மசினகுடிப் பக்கம் டி23 புலியைத் தேடிய 2021 அக்டோபரிலும் டிரோன் பறந்தது. கும்கி, மோப்ப நாய், கேமரா எல்லாம் இருந்தும் பிடிக்க மூன்று வாரம் ஆனது. உண்ணிச்செடிப் புதருக்குள் படுத்துவிட்ட புலி மேலிருந்து தெரியாது, வெப்பக் கேமரா இலையை ஊடுருவாது. அரை மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். கடைசியில் காலடித் தடம் பார்க்கத் தெரிந்த ஆட்கள் இல்லாமல் ஆகவில்லை.

கொழுந்துக்கூடை · ஞாயிறு, காலை 10.48

நான் வால்பாறை. எங்களுடையது எந்த ஏஐயும் இல்லாத கதை, இருந்தாலும் நவக்கரை அண்ணனுக்காக எழுதுகிறேன்.

சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், நடுவில் 220 சதுர கிலோமீட்டர் தேயிலையும் காப்பியும் தொழிலாளர்களின் லைன் வீடும். யானை எங்களைத் தாண்டித்தான் போகணும், வரணும். இங்கே பெரும்பாலும் ஆள் செத்தது யானை கோபப்பட்டதால் இல்லை, அங்கே யானை நிற்பது தெரியாமல் போய் முட்டிக்கொண்டதால். கடைசி பஸ்ஸில் இறங்கி, மூடுபனியில், கையில் மளிகைப் பையோடு.

இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த ஆனந்த குமார் குழுவினர் முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் கீழே ஓடுகிற வரியில் 'இன்று இந்த எஸ்டேட்டில் யானை' என்று போட்டார்கள். 2011-இல் எஸ்எம்எஸ்ஸும் சிவப்பு விளக்கும் வந்தன. 2015-இல் ஆனந்த குமாருக்குக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது இந்த வேலைக்குத்தான்.

விளக்கு ரொம்ப எளிய சாமான். கம்பத்தின் உச்சியில் சிவப்பு எல்இடி, உள்ளே ஒரு சிம் கார்டு. பதிவு செய்த நம்பரிலிருந்து அதற்குப் போன் போட்டால் மினுக்க ஆரம்பிக்கும். யானை போனதும் மறுபடி கூப்பிட்டு அணைக்கணும். அந்த நம்பர் எங்கள் ஆட்களிடமே இருக்கும். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, எஸ்எம்எஸ் அவளுக்கு வெறும் 'டிங்'. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மேட்டில் சிவப்பு தெரிந்தால் அப்படியே கடையோரம் நின்று நாலு பேர் சேர்ந்த பிறகுதான் நடப்பாள்.

ஒரு நாள் யானை போய் ரெண்டு மணி நேரமாகியும் விளக்கை அணைக்கவில்லை. அணைக்க வேண்டியவர் எங்கள் லைன் வீட்டுப் பெரியப்பாதான். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் அம்மாவும் மற்ற பொம்பளைகளும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்கள். 'சும்மா சும்மா எரிஞ்சா நாளைக்கு எவ நிப்பா?' என்று. அதற்கப்புறம் அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. அண்ணே, உங்கள் கம்பெனிக்காரரை யார் அப்படித் திட்டுவது? அதுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நெறியாளர் · ஞாயிறு, பகல் 12.10

ஒருவர் இன்று காலை யானைக்கூட்டம் நிற்கும் இடத்தை வரைபடச் சுட்டியோடு போட்டிருந்தார், நீக்கியிருக்கிறேன். 2013-இல் பன்னா காப்பகத்துப் புலி ஒன்றின் ரேடியோ காலர் தகவல் வருகிற மின்னஞ்சல் கணக்குக்குள் யாரோ புனேயிலிருந்து நுழையப் பார்த்தது செய்தியானது. வேட்டைக்காரர் கைக்கும் போகும், இருப்பிடம் போடாதீர்கள். தொடருங்கள்.

முதுமலைச்சாரல் · ஞாயிறு, மாலை 4.25

எல்லோரும் கேமரா யானையைப் பார்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். அது மனிதரையும் பார்க்கிறது.

கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் 14 மாதம் தங்கி, 270 பேரிடம் பேசி, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இருவர் எழுதிய கட்டுரை 2024 நவம்பரில் வந்தது. விலங்குக்காக வைத்த கேமராவில் காட்டுக்குள் ஒதுங்கப் போன ஒரு பெண்ணின் படம் பதிவாகி, அது உள்ளூரில் வாட்ஸ்அப் வரை பரவியிருக்கிறது. ஊர் இளைஞர்கள் ஆத்திரத்தில் போய்க் கேமராக்களை உடைத்திருக்கிறார்கள். விறகு பொறுக்குகிற பெண்களின் தலைக்கு மேல் வேண்டுமென்றே டிரோன் விட்டு விரட்டியதாகவும் அதில் வருகிறது.

என்னைத் தூங்கவிடாதது இன்னொன்று. அங்கே பெண்கள் காட்டுக்குள் கூட்டமாகப் பாடிக்கொண்டே போவார்கள், சத்தம் கேட்டால் புலி விலகும் என்பதற்காக. கேமரா வந்த பிறகு, யாரோ பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஆய்வாளரிடம் பேசிய பெண்களில் ஒருவர் பிறகு புலி தாக்கி இறந்தே போனார். புலியைக் காக்க வைத்த கண்ணுக்குப் பயந்து, தன்னைக் காத்துக்கொண்டிருந்த பாட்டை நிறுத்துவது!

நானும் சின்ன வயசில் விறகுக்குப் போனவள். நாங்களும் சத்தம் போட்டுக்கொண்டுதான் போவோம், முக்கால்வாசி சினிமாப் பாட்டு.

அடுக்குநரம்பு · ஞாயிறு, மாலை 5.40

அக்கா, அது கருவியின் குற்றமில்லையே, படத்தைப் பரப்பியவரின் குற்றம். தொழில்நுட்பத்தில் இதற்கு வழி இருக்கிறது. ஆள் உருவம் தெரிந்தால் படத்தைச் சேமிக்காமலே கேமராவுக்குள்ளேயே அழிக்கச் சொல்லலாம். நாலு வரி வேலை.

முதுமலைச்சாரல் · ஞாயிறு, மாலை 6.15

நாலு வரி வேலையை ஏன் செய்யவில்லை தம்பி? ஒடிசாவில் சிமிலிபால் புலிகள் காப்பகத்தில் வைத்திருக்கிற கேமராக்கள் ஆளைத்தான் தேடுகின்றன, வேட்டைக்காரர்களைப் பிடிக்க. தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கேமராவுக்கு வேட்டைக்காரன் யார், நெல்லிக்காய் பொறுக்கப் போன என் அத்தை யார் என்று தெரியாது. எருமையையும் யானையையும் குழப்பியது என்று இந்த இழையே ஆரம்பித்தது. குழப்பினால் நவக்கரைக்காரருக்கு 73 வாழை போகிறது. அத்தைக்கு என்ன போகும்? எந்தப் பாதையில் கேமரா வைக்கிறோம் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு வைக்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

பழைய லோகோ · ஞாயிறு, இரவு 8.50

அம்மா சொல்வது சரி. எங்கள் வண்டியிலும் எங்களைப் பார்க்கிற கேமரா வந்தபோது சங்கத்தில் இதே பேச்சுதான். ஓட்டுகிறவன் தூங்குகிறானா என்று பார்க்க ஏஐ வேண்டும் என்கிறார்கள், அவன் எத்தனை ராத்திரி தொடர்ச்சியாக ஓட்டுகிறான் என்பதைப் பற்றித்தான் பேச்சில்லை. சரி, அது வேறு கதை.

நவக்கரைக்காரன் · திங்கள், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றிங்க. தோட்டத்தில் தண்ணி முறை இருந்ததால் இப்போதுதான் முழுசாகப் படித்தேன்.

கொழுந்துக்கூடை தங்கச்சி எழுதியதை வீட்டுக்காரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டாள், 'நம்ம கேமரா நம்மளை மட்டும் எதுக்குக் கூப்பிடணும்?' நியாயம்தானே? என் தோட்டத்துக்கு யானை வருகிற வழியில் எனக்கு முன்னால் மூன்று தோட்டம் இருக்கிறது. அவர்களுக்குக் கால் போகவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு வீடு தள்ளிக் கறவைக்காரர் விடிகாலை மூன்றரைக்குப் பால் கேனோடு டிவிஎஸ் வண்டியில் கிளம்புவார். அவருக்குத்தான் முதலில் போக வேண்டும், எனக்கு வாழை, அவருக்கு உயிர். எனக்குத் தெரிந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் இருக்கிறார், ராத்திரியெல்லாம் நடப்பவர், அவரிடமும் சொன்னேன். 'படம் வந்தா எனக்கு ஒண்ணு தட்டி விடுங்க, எருமையான்னு நான் பார்த்துச் சொல்றேன்' என்றார். ஒரு நொடியில் சொல்லிவிடுகிறார் மனுஷன், காது இருக்கிற இருப்பைப் பார்த்தே.

இப்போதைக்கு ஏழு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். கேமராப் படம் முதலில் இரண்டு பேருக்குப் போகும், அவர்கள் பார்த்து யானை என்றால்தான் மற்றவர்களுக்கு மணி அடிப்பார்கள். முறை வைத்துத்தான் விழிக்கிறோம். இன்றைக்கு என் முறை, அதனால்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுக்குநரம்பு · திங்கள், இரவு 9.44

அண்ணா, அந்தக் கேமரா எடுத்த பழைய படங்கள் இருக்கின்றனவா? தப்பாகக் கூவியதும் சேர்த்து வேண்டும். உங்கள் கம்பம், உங்கள் வாழை, உங்கள் இருட்டு, இதை வைத்தே பழக்கினால்தான் அது உருப்படும். வாரக்கடைசியில் செய்து தருகிறேன், காசு வேண்டாம்.

நவக்கரைக்காரன் · திங்கள், இரவு 9.58

இருக்கிறது தம்பி. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 412. யானை 19, நாய் ஒன்று, நான் ஒன்று. மீதி பூராவும் அந்த எருமைதான். பென் டிரைவில் போட்டு வைக்கிறேன். வருகிற சனிக்கிழமை வாருங்கள், ஆனால் இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள்.